கேட்டுப் பேசும் வானொலி

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி

முன்னுரை



மழைக்காலத்தில் தொலைக்காட்சிப் படம் மறைவது நாம் எல்லோரும் அறிந்ததே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், மாடியில் சிறிய டிஷ் வைத்திருக்கும் வீட்டார் 'சிக்னல் இல்லை' என்னும் எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பர். கேபிள் இணைப்பு உள்ள வீட்டிலோ படம் நிற்காமல் ஓடும். ஆனால் சென்ற ஆண்டு பங்குனியில், வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லாத நாளில், ஏனாத்தூரில் எங்கள் வீட்டுக் கேபிள் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. தெருவில் மற்ற வீடுகளிலும் அதே நிலைதான்.

என் சித்தப்பா காஞ்சிபுரத்தில் ஒரு கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறார். மூன்று நாட்கள் அவருடைய தொலைபேசி ஓயவில்லை. எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். சனிக்கிழமையன்று அவருடன் நானும் அந்த மாடிக்குப் போனேன். அங்கே ஐந்து பெரிய டிஷ்கள் இருந்தன. எல்லாம் தாம்பாளங்களைப் போல ஏறக்குறைய வானத்தைப் பார்த்தபடி, சற்றே தெற்கே சாய்ந்திருந்தன. இரண்டு கட்டடம் தள்ளி ஒரு மாடியில் புதிதாக ஒரு 5ஜி செல்போன் கோபுரம் எழும்பியிருந்தது.

சித்தப்பா ஒரு டிஷ்ஷின் நடுவில் உள்ள எல்.என்.பி. என்னும் கருவியைக் கழற்றினார். உள்ளங்கை அளவுள்ள கனத்த உலோகத் துண்டு ஒன்றை இடையில் பொருத்தி மறுபடி முடுக்கினார். கீழே அறையில் இருந்த திரையில் அந்த டிஷ் தரும் சேனல்கள் மட்டும் தெளிந்தன. மற்ற நான்கும் உடைந்தபடியே இருந்தன.

"இது ஃபில்டர், பாப்பா. பக்கத்து வீட்டுச் சத்தம் காதில் விழாமல் தடுக்கும். இன்னும் நாலு வாங்கணும். எல்லாம் எங்க செலவுதான்" என்றார்.

"அந்தக் கோபுரத்துக்காரர் மேல் தப்பு என்று சொல்ல முடியாதா, சித்தப்பா?" என்று கேட்டேன்.

"அவங்க அரசாங்கத்துக்குப் பணம் கட்டித்தான் வச்சிருக்காங்க. எங்க டிஷ்ஷும் ஒழுங்காத்தான் இருக்கு. யார் மேலயும் தப்பு இல்லை. அதுதான் கஷ்டம்" என்றார்.

யார் மேலும் தப்பில்லாதபோது எப்படி இழப்பு வரும்? இக்கேள்வியை எங்கள் இயற்பியல் ஆசிரியை சகோதரியிடம் கேட்டேன். "அதையே படித்து ஆண்டு மலருக்கு எழுது" என்றார்கள். படித்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

வெளியில் போட்ட பாதைகள்

வானொலி, தொலைக்காட்சி, செல்போன், செயற்கைக்கோள் ஆகிய அனைத்தும் செய்தியை மின்காந்த அலைகளின் மேல் ஏற்றி அனுப்புகின்றன. ஓர் அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண். நம் பாட்டிமார் மத்திய அலையில் கேட்ட சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 7,20,000 அதிர்வில் ஒலித்தது. சென்னைப் பண்பலை 101.4 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட அதிர்வுகள். செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் பேசுகின்றன. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நூறு கோடி அதிர்வுகள்.

இந்த அதிர்வெண்களின் முழு வரிசைக்கே அலைக்கற்றை என்று பெயர். அதனை ஒரு நீண்ட சாலையாகக் கொண்டால், ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பாதை கோடு போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. உலக அளவில் இக்கோடுகளை வகுப்பது ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். தந்திக் கம்பிகளுக்காக 1865இல் தோன்றிய இவ்வமைப்பில் இந்தியா 1869இலேயே உறுப்பினராயிற்று. நம் நாட்டுக்குள் இப்பணியைச் செய்ய 1952இல் மைய அரசில் ஒரு தனிப் பிரிவு அமைக்கப்பட்டது.

அலைக்கற்றை யாருக்குச் சொந்தம்? 1993இல் நடந்த ஒரு கிரிக்கெட் போட்டியை ஒளிபரப்புவது பற்றி எழுந்த வழக்கில், 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. அலைகள் பொதுச் சொத்து. பொது நன்மைக்காகவே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆகவே ஊர்ப் பொதுக் குளத்தைப் போல, இது நமக்கும் சொந்தமான ஒன்று.

மழைக்கு அஞ்சாத அலை

இனி சித்தப்பாவின் மாடிக்கு வருவோம். கேபிள் நிறுவனங்களின் பெரிய டிஷ்கள் 'சி பேண்ட்' என்னும் பகுதியில், 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகளைப் பெறுகின்றன. இவ்வலையின் நீளம் ஏழு, எட்டு சென்டிமீட்டர். வீடுகளில் உள்ள சிறிய டிஷ் பெறும் 'கேயூ பேண்ட்' அலையின் நீளமோ ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். அலை குறுகக் குறுக, மழைத்துளிகள் அதனை அதிகமாக உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. அதனால்தான் அடைமழையில் வீட்டு டிஷ் படுத்துவிடுகிறது. கேபிள் படம் தாக்குப்பிடிக்கிறது. நம்மைப் போன்ற பருவமழை நாட்டுக்கு சி பேண்ட் மிக அருமையானது. 2020 ஜனவரி 17 அன்று இஸ்ரோவுக்காக ஏவப்பட்ட ஜிசாட்-30 செயற்கைக்கோளிலும் சி பேண்ட் கருவிகள் 12 உள்ளன.

இவ்வகைச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஒப்பச் சுற்றுகின்றன. அதனால் நமக்கு அவை ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். காஞ்சிபுரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. ஆகவேதான் நம் ஊர் டிஷ் ஏறக்குறைய நேர் மேலே பார்க்கிறது. டில்லியில் வைத்தால் இன்னும் அதிகமாகத் தெற்கே சாய வேண்டும்.

அவ்வளவு தூரத்திலிருந்து வரும் அலை எவ்வளவு மெலிந்திருக்கும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூரம் இரு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகும்; மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். டிஷ்ஷுக்கு 360 மீட்டரில் ஒரு கோபுரம், 36,000 கிலோமீட்டரில் ஒரு செயற்கைக்கோள் என்று வைத்துக்கொள்வோம். தூரம் ஒரு லட்சம் மடங்கு. இரண்டும் ஒரே திறனுடன் எல்லாத் திசையிலும் அலையைப் பரப்பினால், செயற்கைக்கோளின் அலை கோபுரத்தின் அலையைவிட ஆயிரம் கோடி மடங்கு மெலிந்து வந்து சேரும்! டிஷ்ஷின் வளைவு செயற்கைக்கோளின் அலையைத் திரட்டிக் குவிப்பதால்தான் நம்மால் படம் பார்க்க முடிகிறது.

இந்தப் பின்னணியில்தான் 5ஜி வந்தது. 2022 ஜூலை 26 முதல் ஆகஸ்டு 1 வரை நடந்த ஏலத்தில் 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியும் இடம்பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று 5ஜி சேவை தொடங்கிற்று. செயற்கைக்கோளின் பகுதி 3.7இல் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே விட்ட இடைவெளி 0.03 கிகாஹெர்ட்ஸ், அதாவது 30 மெகாஹெர்ட்ஸ். கோடு தாண்டாமல்தான் கோபுரம் பேசுகிறது. ஆனால் டிஷ்ஷின் எல்.என்.பி. மெல்லிய குரலைக் கேட்பதற்கென்றே செய்யப்பட்ட கூரிய காது. பழைய எல்.என்.பி. பல, தம் கோட்டுக்குச் சற்று அப்பாலும் கேட்கும். அருகில் யாரோ உரக்கப் பேசியதும் அக்காது அடைத்துப்போகிறது. பிறகு வானத்திலிருந்து வரும் மெல்லிய குரல் கேட்பதில்லை. ஃபில்டர் அந்த உரத்த குரலை மட்டும் தடுத்து நிறுத்துகிறது.

காலியாய்க் கிடக்கும் இடம்

'இவ்வளவு நெருக்கமாக ஏன் பாதை போட வேண்டும்? வேறு இடமே இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் வியப்பான செய்தி இருக்கிறது. ஏட்டில் எல்லாப் பாதையும் நிரம்பியிருக்கிறது. சாலையிலோ பல பாதைகள் காலியாக இருக்கின்றன.

பம்பாய் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள், தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கென வைத்திருந்த 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை ஆராய்ந்து 2014இல் தம் முடிவை வெளியிட்டனர். அப்பகுதியில் 15 தொலைக்காட்சிப் பாதைகள் உள்ளன. அவற்றுள் 12 பாதைகளாவது நாட்டின் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் பயன்படாமல் இருந்தன! இப்படிக் காலியாகக் கிடக்கும் இடத்தை 'வெள்ளை வெளி' என்கின்றனர். மகாராஷ்டிரத்தில் பால்கர் பகுதிக் கிராமங்களுக்கு இந்த வெள்ளை வெளி வழியாக இணையத்தைக் கொண்டுசென்றும் அவர்கள் சோதித்துக் காட்டினர்.

கேட்டுப் பேசும் கருவி

காலி இடத்தைப் பிறர் பயன்படுத்தலாம். ஆனால் உரியவர் வந்ததும் எழுந்துவிட வேண்டும். நம் ஊர்ப் பேருந்தில் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எழுந்து இடம் தருவதில்லையா? அதைப் போலத்தான். இப்படி நடந்துகொள்ளத் தெரிந்த வானொலிக் கருவியே அறிதிறன் வானொலி. ஆங்கிலத்தில் இதனைக் காக்னிட்டிவ் ரேடியோ என்பர். அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் மிட்டோலா, 1999இல் ஜெரால்டு மகுவயருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இக்கருத்தை விளக்கினார்.

இக்கருவியின் வேலை நான்கு படிகள் கொண்டது.

1. கேட்டல்: எந்தப் பாதையில் யார் பேசுகிறார்கள் என்று முதலில் உற்றுக் கேட்கும். வெறும் ஆற்றலை அளந்தும் கேட்கலாம். தெரிந்தவரின் குரலை அடையாளம் காண்பது போல, அலையின் அமைப்பைக் கொண்டும் கேட்கலாம்.

2. தேர்தல்: காலியான பாதைகளில் தனக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும்.

3. பகிர்தல்: அருகில் உள்ள பிற கருவிகளுடன் மோதாமல் முறைவைத்துப் பேசும், தன் திறனையும் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளும்.

4. விலகல்: உரியவர் வந்துவிட்டால் உடனே அப்பாதையை விட்டு வேறு பாதைக்கு மாறிவிடும்.

இதை எழுதும்போது எங்கள் வீட்டுத் தறிதான் என் நினைவுக்கு வந்தது. கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்த தோழியர்க்கு இது எளிதில் விளங்கும். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரே பாவில் மூன்று நாடாக்கள் ஓடும். அப்பா உடலையும் ஒரு பக்கக் கரையையும் பார்த்துக்கொள்வார். அம்மா மறு பக்கம் உட்கார்ந்து அந்தக் கரையின் நாடாவை வாங்கிப் போடுவார். ஒருவர் கை மற்றவர் கைக்காகக் காத்து நிற்க வேண்டும். ஓர் இழை முந்தினாலும் உடலும் கரையும் சேரும் இடத்தில் பிசகு தெரிந்துவிடும். "கை வேகத்தைவிட கண்ணு முக்கியம்" என்பார் அப்பா. அறிதிறன் வானொலிக்கும் இதுவே பாடம்.

மௌனமாகக் கேட்பவர்

இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் சகோதரி ஒரு கேள்வி கேட்டார்கள்: "உன் சித்தப்பாவின் டிஷ் பேசுகிறதா, கேட்கிறதா?"

அது கேட்க மட்டுமே செய்கிறது! ஓர் அலையையும் அது அனுப்புவதில்லை. அப்படியானால் எவ்வளவு கெட்டிக்காரக் கருவியாக இருந்தாலும், உற்றுக் கேட்பதால் மட்டும் அங்கே ஒரு டிஷ் இருப்பதை எப்படி அறியும்? வானத்திலிருந்து வரும் அலையைக் கேட்டு அறியலாம் என்றால், பெரிய டிஷ் இல்லாத கருவிக்கு அந்த மெல்லிய அலை கேட்பதே அரிது. பாதை காலி என்று எண்ணி அது பேசத் தொடங்கும்; பக்கத்து மாடியில் படம் உடையும்.

ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி கட்டுவார்கள். அதைக் கட்டுகிறவர், தெரு அமைதியாக இருக்கிறது, யாருக்கும் தொந்தரவில்லை என்றுதான் நினைப்பார். உள்ளே ஒரு வீட்டில் நோயாளி உறங்குவது அவருக்குத் தெரியாது. நோயாளி சத்தம் போடுவதில்லை. அதனால்தான் மருத்துவமனைக்கு முன் 'ஒலி எழுப்பாதீர்' என்று பலகை வைக்கிறோம். மௌனமாக இருப்பவருக்குப் பலகைதான் குரல்.

செயற்கைக்கோள் டிஷ்ஷுக்கு அந்தப் பலகை ஒரு பதிவேடு. எந்த இடத்தில், எந்த அதிர்வெண்ணில், எந்தத் திசை நோக்கி டிஷ் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். புதிய கருவி பேசும் முன் அப்பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வெள்ளை வெளிக் கருவிகளுக்கு 2008இல் விதி செய்தபோது, கேட்கவும் வேண்டும், பதிவேட்டைப் பார்க்கவும் வேண்டும் என்றனர். 2010இல், பதிவேட்டைப் பார்க்கும் கருவிகள் உற்றுக் கேட்டே தீரவேண்டும் என்னும் கட்டாயத்தை எடுத்துவிட்டனர். காதைவிட ஏட்டையே அதிகம் நம்பினர்.

அங்கேயே 3.55 முதல் 3.7 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிக்கு 2015இல் மூன்று அடுக்கு முறை ஒன்று வகுத்தனர். முதல் அடுக்கில் கடற்படையின் ரேடாரும், பதிவு செய்த செயற்கைக்கோள் நிலையங்களும். அடுத்து, பணம் கட்டி முன்னுரிமை பெற்றவர்கள். கடைசியாக, காலி இடத்தைப் பயன்படுத்தும் பொதுமக்கள். நம் காஞ்சியில் வைகாசி மாதக் கருட சேவையன்று சுவாமி வரும் வீதியைப் பேருந்துகள் விட்டுக் கொடுத்து வேறு வழியாகப் போகும். ஊர்வலம் கடந்ததும் வீதி பழையபடி எல்லோருக்கும் ஆகும். அதே ஏற்பாடுதான். ரேடார் பேசும் கருவியாதலால், அது வருவதைக் கடற்கரையில் வைத்த உணர்கருவிகள் கேட்டறிந்து சொல்லும். மௌனமாகக் கேட்கும் செயற்கைக்கோள் நிலையத்தைப் பதிவேடு காக்கும். இரண்டும் தேவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

செலவு யாருடையது என்ற கேள்விக்கும் அங்கே ஒரு விடை கிடைத்தது. 2020இல் அந்நாட்டில் சி பேண்டின் ஒரு பகுதியை, அதாவது 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ் வரை, 5ஜிக்கு மாற்ற முடிவு செய்தபோது, பழையவர்கள் இடம் மாறுவதற்கும் ஃபில்டர் பொருத்துவதற்கும் ஆகும் நியாயமான செலவைப் புதிதாக வருகிறவர்களே தர வேண்டும் என்று விதித்தனர். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பதிவேட்டில் பெயர் உள்ள டிஷ்களுக்கே அச்செலவு கிடைக்கும். பதிவு செய்துகொள்ள 2018இல் அவகாசம் தந்திருந்தார்கள். எழுதிவைக்காதவர், இருந்தும் இல்லாதவரே.

இதைப் படித்த மாலையில் சித்தப்பாவிடம், "உங்கள் டிஷ் இருப்பதை எங்கேயாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "இல்லையம்மா. யாரும் கேட்கவும் இல்லை, எனக்குத் தோணவும் இல்லை" என்றார்.

வானத்திலும் பங்கீடு

தரையில் மட்டுமன்று, வானத்திலும் இந்தப் பங்கீடு நடக்கிறது. 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முதல் நாள், நள்ளிரவு தாண்டியதும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் எல்.வி.எம்.-3 ராக்கெட் ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்களை ஏந்திச் சென்றது. 2023 மார்ச் 26இல் மேலும் 36 சென்றன. இவை 1,200 கிலோமீட்டர் உயரத்தில் வேகமாகச் சுற்றி இணையச் சேவை தருகின்றன. மிகவும் உயரே, ஒரே இடத்தில் நிற்பது போன்ற செயற்கைக்கோள்களும் இவையும் கேயூ பேண்டில் ஒரே அலைகளைப் பகிர்ந்துகொள்ள நேர்கிறது.

தாழப் பறக்கும் செயற்கைக்கோள், நம் வீட்டு டிஷ்ஷுக்கும் உயரே நிற்கும் செயற்கைக்கோளுக்கும் நேர் நடுவில் வந்து அதே அலையில் பேசினால் என்னாகும்? டிஷ் குழம்பிவிடும். ஆகவே தாழப் பறப்பவை, உயரே நிற்பவற்றுக்கு ஊறு செய்யலாகாது என்று சர்வதேச ஒன்றியத்தின் விதி கூறுகிறது. உயரே நிற்பவை எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருப்பதால், ஒன்வெப் செயற்கைக்கோள்கள் அந்த ரேகையை நெருங்கும்போது தம் உடலைச் சற்றே சாய்த்துக்கொண்டு, நேர்கோட்டில் பேசுவதைத் தவிர்க்கின்றன. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது குறுக்கே போகாமல் ஒதுங்கிச் செல்வது போன்ற மரியாதை அது!

ஒரே செயற்கைக்கோளுக்குள்ளும் பங்கீடு உண்டு. 2018 டிசம்பர் 5இல் ஏவப்பட்ட ஜிசாட்-11, 2024 நவம்பர் 19இல் ஏவப்பட்ட ஜிசாட்-என்2 ஆகியவை நாடு முழுவதற்கும் ஒரே பெரிய ஒளிவட்டம் போடுவதில்லை. ஒவ்வொன்றும் பயனாளர்க்கென 32 தனித்தனி வட்டங்களைப் போடுகிறது. கட்டம் போட்ட சேலையில் அடுத்தடுத்த கட்டங்கள் வேறு வேறு நிறமாக இருந்தாலும், சற்றுத் தள்ளி அதே நிறம் மறுபடி வருமல்லவா? அப்படியே அடுத்தடுத்த வட்டங்களுக்கு வேறு அலை; தள்ளியுள்ள வட்டத்துக்கு அதே அலை. நான்கு நிறப் பட்டு நூலைக் கொண்டு நாற்பது கட்டம் நெய்வது போன்ற சிக்கனம் இது.

செயற்கைக்கோளின் அலையைப் பலர் பகிரலாம் என்பதால் சட்டமும் அதனை வேறாகப் பார்க்கிறது. நம் நாட்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 2023, அலைக்கற்றையைப் பொதுவாக ஏலத்தில் விட வேண்டும் என்கிறது. ஆனால் செயற்கைக்கோள்வழிச் சேவைகள் சிலவற்றுக்கு ஏலமின்றி அரசே ஒதுக்கலாம் என்று அட்டவணையில் குறிக்கிறது. ஒருவருக்கே விற்றுவிட்டால் பங்கிட முடியாது அல்லவா?

தொடக்கூடாத இழை

பங்கீடு நல்லதுதான். ஆனால் எல்லாவற்றையும் பங்கிட முடியாது. 406 முதல் 406.1 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு மெல்லிய இழை இருக்கிறது. கப்பலோ விமானமோ ஆபத்தில் சிக்கினால், அங்குள்ள சிறு கருவி அந்த அலையில்தான் செயற்கைக்கோளைக் கூப்பிடும். நம் நாட்டில் பெங்களூரிலும் லக்னோவிலும் உள்ள நிலையங்கள் அக்குரலைக் கேட்கின்றன. கரையிலிருந்து விலகி ஆழ்கடலுக்குப் போய்விட்டால் செல்போன் எட்டாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கடலில் இருந்தவர்களைப் பற்றிய செய்திக்காகக் கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் குடும்பங்கள் எத்தனை நாட்கள் காத்திருந்தன என்பதை நாம் அறிவோம். அந்தக் கடலோர ஊர்களில் உறவினர் உள்ள தோழியர் நம் பள்ளியிலும் இருக்கின்றனர்.

அந்த இழை பெரும்பாலான நேரம் அமைதியாகத்தான் இருக்கும். வெறும் கணக்குப் பார்ப்பவருக்கு அது வீணாகக் கிடக்கும் இடமாகத் தோன்றும். ஆனால் அது காலியாக இருப்பதே அதன் பயன். இந்தப் பாதையில் வேறு எவரும் தீங்கு தரும்படி பேசக்கூடாது என்பது உலக விதி. அமைதியாக இருக்கிறது என்பதால் யாருக்கும் வேண்டாதது என்று எண்ணிவிடக் கூடாது. சித்தப்பாவின் டிஷ் சிறிய அளவில் கற்றுத் தந்த பாடத்தையே இந்த இழை பெரிய அளவில் கற்றுத் தருகிறது.

முடிவுரை

தோழியரே! 5ஜி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் அண்ணன் கல்லூரிப் பாடங்களை அந்தக் கோபுரத்தின் வழியாகத்தான் பார்க்கிறான். கேபிளும் வேண்டும், எங்கள் பாட்டிக்கு மாலை நேரத்தில் அதுதான் துணை. இரண்டும் ஒரே வெளியில் வாழ வேண்டுமானால், கருவிகளுக்குக் கேட்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கேட்டும் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அவர்கள் பெயரையும் ஏட்டில் எழுதிவைக்க மனிதர்களுக்குத் தெரிய வேண்டும். புதிதாக வருகிறவர் இலாபம் அடையும்போது, ஏற்கெனவே இருந்தவரின் ஃபில்டர் செலவில் அவரும் பங்குகொள்வதே நியாயம் என்பது என் எண்ணம். அலை பொதுச் சொத்து என்றால், அதன் சுமையும் பொதுவாக இருக்க வேண்டுமல்லவா?

காலாண்டு விடுமுறையில் நான் மறுபடியும் அந்த மாடிக்குப் போனேன். ஐந்து டிஷ்ஷிலும் இப்போது ஃபில்டர் இருக்கிறது. ஒவ்வொரு டிஷ்ஷும் எந்தச் செயற்கைக்கோளைப் பார்க்கிறது, எந்த அதிர்வெண்ணில் பெறுகிறது, அந்த மாடியின் அட்சரேகை, தீர்க்கரேகை எவ்வளவு என்று சித்தப்பா சொல்லச் சொல்ல, கோடு போட்ட தாளில் அட்டவணையாக எழுதினேன். சித்தப்பா அதைச் சரிபார்த்து, தம் நிறுவனத்தின் பெயரால் ஒரு விண்ணப்பத்துடன் சேர்த்து அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் அடுத்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

பேசும் முன் கேட்போம். கேட்டும் ஒன்றும் காதில் விழவில்லை என்றால், அங்கே யாரேனும் மௌனமாக இருக்கிறார்களா என்று ஏட்டைப் பார்ப்போம்.